பிஞ்சு மூளையைக் காத்த லூசி வில்ஸ்

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் உங்களுக்கு ஒரு மாத்திரை தருகிறார்கள் அல்லவா? பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நீல நிறம். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறம். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்வார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவீர்கள். நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு!

அந்தச் சின்ன மாத்திரையில் இரண்டு சத்துகள் இருக்கின்றன. ஒன்று இரும்புச்சத்து. இன்னொன்று போலிக் அமிலம். நல்ல ரத்தம் ஊறுவதற்கு இந்தப் போலிக் அமிலம் வேண்டும். அது மட்டுமா? அம்மாவின் வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்கு மூளையும், மண்டை ஓடும், முதுகெலும்பும் ஒழுங்காக உருவாவதற்கும் இது வேண்டும்.

இப்படி ஒரு சத்து உணவுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை உலகத்துக்கு முதலில் காட்டியவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் லூசி வில்ஸ். இங்கிலாந்தில் பிறந்தவர். ஆனால், அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது நம் நாட்டில்! மும்பையிலும், நம் தமிழ்நாட்டின் குன்னூரிலும் சென்னையிலும் அவர் பாடுபட்டார். அவருடைய கதையைக் கேளுங்கள்.

பட்டம் இல்லாத படிப்பு

1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, பர்மிங்காம் நகருக்குப் பக்கத்தில் சட்டன் கோல்டுபீல்டு என்ற ஊரில் லூசி பிறந்தார். அறுவடைக்குத் தேவையான அரிவாள்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை அவர்கள் குடும்பத்துக்கு இருந்தது. தந்தை அறிவியல் படித்தவர். அண்ணன் லெனார்டு பின்னாளில் பெரிய புவியியல் அறிஞர் ஆனார். செடி, கொடி, கல், மலை என்று எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் லூசிக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே பெண்களுக்கு அறிவியல் சொல்லித் தரும் பள்ளிகள் குறைவு. செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரி என்ற பள்ளியில் லூசிக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவியியலும் படித்தார். 1911-ல் தேர்வும் எழுதித் தேறினார். ஆனால் பட்டம் கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா? அவர் பெண்! கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம். பட்டம் மட்டும் ஆண்களுக்குத்தான். பெண்களுக்கும் பட்டம் உண்டு என்ற நிலை 1948-ல்தான் அங்கே வந்தது.

அதே 1911-ல் தந்தை இறந்தார். 1913-ல் அக்காவும் இறந்துபோனார். துக்கத்தில் இருந்த லூசி, தாயாருடன் இலங்கைக்குப் பயணம் வந்தார். அடுத்த ஆண்டு தம்பியுடன் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே இருக்கும்போதுதான் முதல் உலகப் போர் மூண்டது. கேப்டவுன் நகர மருத்துவமனையில் சில வாரங்கள் தொண்டு நர்ஸாக வேலை செய்தார். மருத்துவம்தான் தன் வழி என்று அப்போது அவருக்குத் தெளிவாகியிருக்க வேண்டும். ஊர் திரும்பியதும், 1915-ல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920-ல் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32.

பம்பாயில் ஒரு புதிர்

அந்த நாளில் பம்பாயில் துணி ஆலைகள் நிறைய இருந்தன. ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்பமாக இருக்கும்போது வெளுத்துப் போனார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். உடம்பில் ரத்தமே இல்லாததுபோல் ஆகிவிடும். பிரசவத்துக்கு முன்போ பின்போ பலர் இறந்தார்கள். இது ஒரு கடுமையான ரத்தசோகை. இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்தாலும் தீரவில்லை. ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெரிதாக ஊதியும் இருந்தன. காரணம்தான் புரியவில்லை.

இந்தப் புதிரை விடுவிக்க லூசி வில்ஸை அழைத்தார்கள். 1928-ல் அவர் பம்பாய் வந்து ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையைத் தொடங்கினார். லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை பண உதவி செய்தது.

முதலில், ஏதாவது கிருமியால் வரும் நோயோ என்று தேடினார். கிருமி எதுவும் சிக்கவில்லை. பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார். நோய் வந்த பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். வசதியான வீட்டுப் பெண்களிடமும் விசாரித்தார். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. யாருடைய தட்டில் காய், கீரை, பழம், பால் எல்லாம் குறைவாக இருந்ததோ, அவர்களைத்தான் இந்த ரத்தசோகை அதிகமாகத் தாக்கியது. அப்படியானால் குற்றவாளி சாப்பாட்டில்தான் இருக்க வேண்டும். சரியாகச் சொன்னால், சாப்பாட்டில் இல்லாத ஏதோ ஒன்று!

குன்னூருக்கு வந்தார்

1929 ஏப்ரலில் லூசி தன் ஆராய்ச்சியை நம் நீலகிரிக்கு மாற்றினார். குன்னூரில் பாஸ்டர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே அப்போது ராபர்ட் மெக்காரிசன் என்ற அறிஞர் உணவு ஆராய்ச்சி நடத்திவந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்து, எந்த உணவு உடம்பை வளர்க்கிறது என்று பார்த்தவர் அவர்.

லூசியும் அதே வழியில் போனார். பம்பாய் ஏழைப் பெண்கள் சாப்பிட்ட உணவைப் போலவே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. அதே உணவில் ஈஸ்ட் கலந்து கொடுத்தார். ரத்தசோகை வரவில்லை! ரொட்டி மாவைப் பொங்க வைக்கச் சேர்ப்பார்களே, அதே ஈஸ்ட்தான்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எலிகளின் உடம்பில் பேன் இருந்தது. அந்தப் பேன் பரப்பிய ஒரு கிருமியாலும் எலிகளுக்கு ரத்தசோகை வரும் என்று தெரிந்தது. அப்படியானால், நோய்க்குக் காரணம் சாப்பாடா, பேனா? பல மாத உழைப்பில் சந்தேகம் விழுந்துவிட்டது. லூசி சோர்ந்து உட்காரவில்லை. குரங்குகளை வைத்துச் சோதனையை மறுபடியும் செய்தார். மேத்தா, தல்பாடே போன்ற இந்திய ஆய்வாளர்களும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள்.

ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுப்பான, உப்புக் கரிக்கும் களிம்பு ஒன்று இங்கிலாந்துக் கடைகளில் கிடைக்கும். அதன் பெயர் மார்மைட். பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்வதால் விலை மலிவு. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். நோயுற்ற குரங்குக்கு லூசி இந்த மார்மைட்டைக் கொடுத்தார். குரங்கு தேறி எழுந்தது! ரத்தசோகை வந்த கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். சில நாள்களிலேயே அவர்களின் ரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் தோன்றின. வெளுத்த முகங்களில் களை வந்தது.

1931-ம் ஆண்டு தொடக்கத்தில் அவர் சென்னையில் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் இருக்கும் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். அந்த ஆஸ்பத்திரிதான் அது. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத சத்தை அறிஞர்கள் 'வில்ஸ் பொருள்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

நான்கு டன் கீரை

பெயர் தெரியாத அந்தச் சத்தைத் தனியே பிரித்து எடுக்க இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் மூன்று விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை வாங்கிக் கரைத்து, வடிகட்டி, துளி அளவு சத்தைப் பிரித்து எடுத்தார்கள். லத்தீன் மொழியில் 'போலியம்' என்றால் இலை. இலையிலிருந்து கிடைத்ததால் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு இந்தச் சத்தைத் தொழிற்சாலையிலேயே செய்யும் வழி 1945-ல் கிடைத்தது. அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் அதைச் சாதித்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? எல்லப்பிரகடா சுப்பாராவ்! ஆந்திராவில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். லூசி வேலை பார்த்த அதே திருவல்லிக்கேணி!

பிஞ்சு மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இப்போது நாம் அம்மாவின் வயிற்றுக்குள் போய்ப் பார்ப்போம். கரு உருவாகி மூன்றாவது வாரத்தில், அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு மெல்லிய தகடு தோன்றும். வெற்றிலையை மடித்துச் சுருட்டுவதுபோல், அந்தத் தகட்டின் இரண்டு ஓரங்களும் மேலே எழுந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு குழாய் உண்டாகும். இதற்கு நரம்புக் குழாய் என்று பெயர். மேல் முனை மூளையாக வளரும். மற்றது முதுகுத்தண்டின் நரம்பாகும். நான்காவது வாரம் முடிவதற்குள், அதாவது 28 நாள்களுக்குள், குழாய் முழுவதும் மூடிவிட வேண்டும்.

எங்காவது மூடாமல் விட்டால்? பையில் ஜிப் பாதியில் நின்றுபோவதுபோல்தான். கீழே திறந்திருந்தால் முதுகெலும்பு பிளந்து, நரம்புகள் ஒரு பைபோல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தலைப்பக்கம் குறை இருந்தால் மண்டை ஓட்டில் இடைவெளி விழுந்து, மூளையின் சவ்வும், சில நேரம் மூளையின் ஒரு பகுதியும் வெளியே பிதுங்கும். மேல் முனை மூடவே இல்லை என்றால் மூளை சரியாக வளராது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை.

முதுகு பிளந்து பிறக்கும் குழந்தைகள் பலருக்கு இன்னொரு தொல்லையும் வரும். நம் எல்லோருடைய மூளைக்குள்ளும் தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஊறும். ஊறிய நீர் ரத்தத்தில் வடிந்துவிடும். வடியும் பாதை அடைபட்டால் நீர் தலைக்குள் தேங்கும். குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாமல் இருப்பதால், தலை பெரிதாகிக்கொண்டே போகும். மூளை நசுங்கும்.

கத்தி பிடித்த கைகள்

பல நூறு ஆண்டுகள் இந்தக் குழந்தைகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1956-ல் அமெரிக்காவில் ஒரு வழி பிறந்தது. ஜான் ஹோல்டர் என்பவர் பூட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த தொழில் வல்லுநர். அவருடைய மகன் முதுகுப் பிளவோடு பிறந்து, தலையில் நீரும் கோத்துக்கொண்டது. நீர் ஒரு பக்கம் மட்டும் போகும்படியான சின்னஞ்சிறு வால்வு ஒன்றை ஹோல்டர் செய்தார். ஸ்பிட்ஸ் என்ற டாக்டர் அதைக் குழந்தைகளுக்குப் பொருத்தினார். இன்று செய்யும் ஆபரேஷனும் ஏறத்தாழ இதே முறைதான். மூளைக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, தோலுக்கு அடியிலேயே வயிறு வரை கொண்டுபோவார்கள். அதிகமான நீர் வயிற்றுக்குள் வடிந்து உடம்பில் கலந்துவிடும். குழந்தை ஓடியாடும்போதும் குழாய் வெளியே தெரியாது. குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் மாற்ற வேண்டும்.

நம் பக்கத்தில் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி இன்னொரு பிரிவைத் தொடங்கினார். இன்று முதுகுப் பிளவோடு பிறக்கும் குழந்தைக்கு ஓரிரு நாளிலேயே ஆபரேஷன் செய்து, நரம்புகளை உள்ளே வைத்துத் தைத்து மூடுகிறார்கள். பிதுங்கிய மூளைச் சவ்வையும் சரிசெய்து மண்டையை மூடுகிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் பிழைத்து, பள்ளிக்கூடமும் போகிறார்கள்.

ஆனால் ஒன்று. எவ்வளவு கைதேர்ந்த டாக்டராக இருந்தாலும், வளராமல் போன நரம்பைப் புதிதாக உண்டாக்க முடியாது. அதனால் சில பிள்ளைகளுக்குக் கால் நடக்க வராமல் போகிறது. சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகிறது. இந்தக் குறை வராமலே தடுக்க முடியுமா? அதற்கு விடை, லூசி கண்டுபிடித்த சத்தில் இருந்தது!

லூசி அறியாத வெற்றி

1965-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹிப்பர்டு, ஸ்மிதெல்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இப்படிக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார் பலருக்குப் போலிக் அமிலம் குறைவாக இருப்பதுபோல் தெரிகிறது என்று அவர்கள் எழுதினார்கள். சந்தேகத்தை உறுதி செய்ய ஏழு நாடுகளில், 33 மருத்துவ மையங்களில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மாரை அதில் சேர்த்தார்கள். முடிவு 1991-ல் வெளிவந்தது. கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே போலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு, மறுபடியும் அதே குறை வரும் ஆபத்து 72 சதவீதம் குறைந்திருந்தது! பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆராய்ச்சியைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தி, எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.

1998-ல் அமெரிக்கா, ரொட்டிக்கும் மற்ற உணவுக்கும் பயன்படும் மாவிலேயே போலிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. பிறகு பல நாடுகள் அப்படியே செய்தன.

இதையெல்லாம் பார்க்க லூசி வில்ஸ் இல்லை. லிவர்பூல் செய்தி வருவதற்கு முந்திய ஆண்டு, 1964 ஏப்ரல் 16-ல் அவர் காலமானார். கர்ப்பிணிகளின் உயிரைக் காக்கத் தேடிய சத்து, பிறக்கப்போகும் குழந்தையின் மூளையையும் காக்கும் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

லூசி கடைசிவரை எளிமையாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரிய டாக்டர்கள் காரில் வந்து இறங்கும் லண்டன் மருத்துவமனைக்கு அவர் சைக்கிளில் போனார்! மலை ஏறுவதும், தோட்டம் போடுவதும் அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்குகள். 1947-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, பிஜி போன்ற நாடுகளுக்குப் போய் ஏழை மக்களின் உணவை ஆராய்ந்தார். வாழ்வின் கடைசிப் பத்து ஆண்டுகள் லண்டனில் செல்சி பகுதியின் கவுன்சிலராக மக்களுக்குத் தொண்டு செய்தார்.

நம் பள்ளத்தாக்கில்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப்புகள் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பத்திலிருந்தும், கூடலூரிலிருந்தும், போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறும் அம்மாக்கள், அக்காக்கள் அதில் இருப்பார்கள். தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் இருக்கும். கீரையோ பயறோ இருக்கிறதா என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். பம்பாய் ஆலைப் பெண்களின் தட்டில் லூசி தேடியது அதைத்தான்.

முருங்கைக் கீரை, தண்டுக் கீரை, தட்டாம்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, ஆரஞ்சு ஆகிய எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு. தேனி உழவர் சந்தையில் இதில் பலவற்றை வாங்கிவிடலாம். ஆனால் கீரையை வெகுநேரம் வேகவைத்தால் சத்து போய்விடும். அளவாக வேகவைக்க வேண்டும்.

கீரை மட்டும் போதுமா? போதாது. குழந்தையின் நரம்புக் குழாய் 28 நாளில் மூடிவிடும் என்று பார்த்தோம் அல்லவா? அந்த நாள்களில், வயிற்றில் குழந்தை இருப்பதே பல அம்மாக்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, டாக்டரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ கேட்டு, போலிக் அமில மாத்திரை சாப்பிடத் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் புதிதாகக் கல்யாணமான அக்காவோ, சித்தியோ இருந்தால் இந்தச் செய்தியை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தலை பெரிதாகவோ, முதுகில் கட்டியோடோ ஒரு குழந்தை பிறந்தால், கிரகணத்தில் வெளியே வந்தாள், யார் சாபமோ என்று அந்த அம்மாவைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது தவறு. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சத்துக் குறைவு ஒரு காரணம். பரம்பரை, சர்க்கரை நோய், சில மருந்துகள் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. நன்றாகச் சாப்பிட்ட அம்மாவுக்கும் சில நேரம் இப்படி ஆகிவிடுவதுண்டு. பழி சொல்லும் நேரத்தில் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், நாள் வீணாகாமல் ஆபரேஷன் செய்ய முடியும். அப்படிப் பிழைத்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அவனுடைய நடையைப் பார்த்துக் கேலி செய்யாதீர்கள். அவனோடு சேர்ந்து விளையாடுங்கள்.

தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று லூசி வில்ஸ் உழைக்கவில்லை. வெளுத்துப்போன ஏழைப் பெண்களுக்கு என்ன குறை என்று, எலியில் தோற்றபோதும் விடாமல் தேடினார். அந்தத் தேடலால் இன்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஆபரேஷன் மேஜைக்கே போகாமல், முழு ஆரோக்கியத்தோடு பிறக்கிறார்கள். அவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்!